கீ சம்மிட் ஏறப் போகிறீர்களா? அரை நாள் ஒதுக்குங்கள்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்திருக்கும் மில்ஃபோர்டு சவுண்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் படகு கிளம்பும் நேரத்தையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவார்கள். வழியில் தி டிவைட் என்று ஓர் இடம் வரும், கார் நிறுத்த இடம், ஒரு சிறிய ஒதுங்குமிடம், கழிப்பறை, அவ்வளவுதான். பாதிப் பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிவிடுவார்கள். கீ சம்மிட் என்ற மலையுச்சிக்கு ஏறும் பாதை ஆரம்பிப்பது அங்கேதான். போய்வர மூன்று மணி நேரம் என்பார்கள், நடைக்கு அது சரியான கணக்குதான். ஆனால் அதை நம்பி படகுக்கு முன்னால் மூன்று மணி நேரத்தை ஒதுக்கிவிட்டு ஏறாதீர்கள். மேலே உட்கார நேரம் வேண்டும், மேகம் விலகக் காத்திருக்க நேரம் வேண்டும். ஐந்து மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் படகை வேறு நாளுக்குத் தள்ளிவிடுங்கள்.

டே அனாவ் ஊரிலிருந்து டிவைட் சுமார் 85 கிலோமீட்டர். பெட்ரோலை ஊரிலேயே நிரப்பிவிடுங்கள், வழியில் கிடைக்காது. செல்போன் சிக்னலையும் நம்ப வேண்டாம், அதனால் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கோடையில் கார் நிறுத்துமிடம் சீக்கிரம் நிரம்பிவிடும், காலையிலேயே போய்விடுவது நல்லது. டிவைட், ரூட்பர்ன் என்ற பெரிய நடைபாதையின் ஒரு முனை. ஒரே நாளில் போய்த் திரும்புவதற்கு முன்பதிவும் கிடையாது, கட்டணமும் கிடையாது.

எப்போது போவது? அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. குளிர்காலத்தில் மில்ஃபோர்டு சாலையிலேயே பனிச்சரிவு ஆபத்து உண்டு, டயருக்குச் சங்கிலி கட்டாயமாகும் நாட்களும் உண்டு, பழக்கமில்லாதவர்கள் போக வேண்டாம்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கும் மில்ஃபோர்டு சவுண்டில் வருடத்துக்குச் சராசரியாக 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கிளம்பும்போது வெயில் அடித்தாலும் மழைக்கோட்டு பையில் இருக்கட்டும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம், நனைந்தால் காயாது, மேலே காற்றடிக்கும்போது உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியோ செயற்கை நூலோ மெல்லிசாக இரண்டு மூன்று அடுக்கு, ஒரு தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், சாப்பாடு, சன்ஸ்கிரீன். மேகமாக இருந்தாலும் அந்த ஊர்க் கோடை வெயில் தோலைச் சுட்டுவிடும்.

சரி, நடை. டிவைட் கடல்மட்டத்திலிருந்து சுமார் 530 மீட்டர், உச்சி 919 மீட்டர். ஏற்றம் 400 மீட்டருக்குள்தான், பாதையும் நன்றாகப் போடப்பட்டது. முதல் ஒரு மணி நேரம் முழுக்க பீச் (beech) மரக்காடு. மரத்தண்டு, பாறை, விழுந்த கிளை என்று கண்ணில் படுவதெல்லாம் பாசி போர்த்தியிருக்கும், கையால் அழுத்தினால் ஈரம் கசியும். இந்தக் காட்டை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். ஓர் இடத்தில் அசையாமல் நின்றால் சாம்பல் நிற ராபின் குருவி வந்துவிடும். நம் காலடியில் கிளறிவிட்ட மண்ணில் பூச்சி தேடத்தான் வருகிறது. எனக்கு ஒருமுறை பூட்ஸ் நுனிக்கு ஒரு சாண் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, எதையோ கொத்திக்கொண்டு போனது. எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். கியா என்ற மலைக்கிளிக்கும் இதேதான், அது பையையே கிழித்துப் பார்க்கும்.

ஒரு மணி நேரத்தில் பாதை பிரியும், பலகை இருக்கும். அங்கிருந்து வளைந்து வளைந்து இருபது நிமிட ஏற்றம், மூச்சு வாங்குவது இங்கேதான். ஒவ்வொரு வளைவுக்கும் மரம் குள்ளமாகிக்கொண்டே வந்து, இடுப்பளவுப் புதராகி, சட்டென்று வானம் திறந்துவிடும்.

மேலே ஈரச் சதுப்பு, அதில் சின்னச் சின்னக் குட்டைகள். மரப்பலகை நடைபாதையை விட்டு இறங்காதீர்கள், ஒரு காலடி பட்ட பாசி மறுபடி வளர எவ்வளவோ காலம் ஆகும். குனிந்து பார்த்தால் விரல் நகம் அளவுக்குச் சிவப்பாகப் பூச்சி தின்னும் செடி தெரியும், ஒவ்வொரு முடியின் நுனியிலும் பனித்துளி மாதிரிப் பசை. அப்புறம் நிமிர்ந்து பாருங்கள். ஹாலிஃபோர்டு பள்ளத்தாக்குக்கு எதிரே டாரன் மலைகள், அவற்றின் மடியில் மரியன் ஏரி. கடைசிப் பனியுகத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் ஓடிய பனியாறு நீங்கள் நிற்கும் உச்சிக்கும் மேலே 500 மீட்டர் உயரம் இருந்தது. இங்கே பெய்யும் மழை மூன்று பக்கம் பிரிகிறது: ஹாலிஃபோர்டு ஆறு வழியாக மேற்குக் கடலுக்கு, எக்லின்டன் ஆறு வழியாகத் தெற்குக்கு, கிரீன்ஸ்டோன் ஆறு வழியாகக் கிழக்குக்கு.

போனவுடன் எல்லாம் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான் போன அன்று சுற்றிலும் வெள்ளை, எதிரே மலை இருக்கிறது என்றே சொல்ல முடியாது. உடன் ஏறியவர்கள் ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் கழித்து மேகம் ஓரமாகக் கிழிந்து, முதலில் ஒரு பனிமுகடு, அப்புறம் கீழே கரும்பச்சையாக ஏரி. ஐந்தே நிமிடம், மறுபடி மூடிக்கொண்டது. அதனால்தான் நேரத்தை ஒதுக்குங்கள் என்று இவ்வளவு சொல்கிறேன். ஆனால் காற்று வலுத்தாலோ, இடி கேட்டாலோ, கை விறைக்க ஆரம்பித்தாலோ காத்திருக்காதீர்கள், காட்டுக்குள் இறங்கிவிடுங்கள்.

இறங்கும்போது ஈரமான வேர்கள் வழுக்கும், அடியைச் சின்னதாக வையுங்கள். கால் தெம்பாக இருந்தால் பிரிவிலிருந்து கால் மணி நேரம் தள்ளி ஹௌடன் ஏரியையும் பார்த்துவிடலாம். அங்கே இருந்த தங்குமிடத்தை 2020 பிப்ரவரி பெருமழையில் வந்த நிலச்சரிவு சேதப்படுத்திவிட்டது, தங்க இடம் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். கார் பக்கத்தில் பூட்ஸைக் கழற்றும் முன் கணுக்காலில் பூச்சி மருந்தைத் தடவிக்கொள்ளுங்கள், சாண்ட்ஃபிளை என்ற கடிக்கும் சின்ன ஈ அங்கேதான் காத்திருக்கும்.