பக்கவாதம் வந்த வீட்டில் நாங்கள் செய்த தப்புகள்

ஐப்பசி. சம்பா நடவு முடிந்த கையோடு, விடிகாலையில் வயலுக்குக் கிளம்பிய அப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை தொங்கிவிட்டது. மன்னார்குடிப் பக்கம் கிராமம். "பித்தமாத்தான் இருக்கும்" என்று அம்மா காப்பி கொடுத்தார். அதுதான் முதல் தப்பு. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும்போது புரையேறி நுரையீரலுக்குள் போகலாம், அதனால் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள், ஸ்கேன் பார்த்த பிறகுதான் போடுவார்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு செய்த தப்புகள்தான் ஆளையே தின்றவை.

மூத்தவன் என்ற நினைப்பில் நாலு ராத்திரி தஞ்சாவூரில் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நானே கிடந்தேன். நாலாம் நாள் டாக்டர் ஏதோ விளக்கினார், தலையாட்டினேன். வெளியே வந்து தங்கச்சியிடம் சொல்லப் போனால் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. அவள் திரும்பக் கேட்டதும் அவள்மேல் பாய்ந்தேன். பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, "வாய்க்கால்ல தண்ணி கொறைஞ்சா என்னடா செய்வோம்? மொறை வைக்க மாட்டோமா?" என்றார். அன்றே முறை வைத்தோம். ராத்திரி நான், பகலில் தம்பி, மருந்துக்கும் அலைச்சலுக்கும் மாப்பிள்ளை. டாக்டர் சொல்வதை எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு. வயலைப் பார்த்துக்கொள்ள சித்தப்பா ஊரோடு இருந்துகொண்டார். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குப் பெரும்பாலும் நவம்பர் 15தான் கெடு, இந்த அமளியில் அது யார் ஞாபகத்தில் இருக்கும்? ஆறு மணி நேரம் தூங்கி எழுந்தேன். பயம் அப்படியேதான் இருந்தது, ஆனால் மற்றவர்கள் பேசுவது காதில் விழுந்தது.

நடுராத்திரியில் பண முடிவு எடுக்காதீர்கள். நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு என்பதை மறுநாள் காலை காப்பீட்டு கவுன்டரில்தான் கேட்டோம். உறவுக்காரர்களின் போனுக்கும் ஒரே ஆள் பதில் சொன்னால் போதும்.

அப்புறம், பொய். வார்டுக்கு வந்த அப்பா குழறிக் குழறி முதலில் கேட்டது, "தண்ணி?" மழை தள்ளிப்போன வருடம் அது. "எல்லாம் நல்லா இருக்குப்பா" என்றேன். என் முகத்தையே பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் சித்தப்பா வந்து, "கடைமடைக்கு இன்னும் ஏறலைண்ணே, இன்ஜின் வச்சு எறைச்சிருக்கேன்" என்றதும் தலையசைத்தார். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினார். பிள்ளைகளிடமும் இதே கதைதான். தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தோம், பெரியவள் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தாள்.

ஊர் திரும்பியும் எனக்குத் தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தது. 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ், மனநல ஆலோசனைக்கான இலவச எண், தமிழிலேயே பேசலாம். இதற்கெல்லாமா போன் என்று தயங்கித் தயங்கி ஒரு வாரம் வீணாக்கினேன், அதுவும் தப்புதான்.

எல்லோரும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்ததில் அம்மாவை மறந்துவிட்டோம். அவருடைய சர்க்கரை மாத்திரை அட்டை பிரிக்காமலே பைக்குள் கிடந்ததை ஒன்பதாம் நாள்தான் பார்த்தேன். இப்போது அந்த நோட்டில் அப்பாவின் மாத்திரைக்குப் பக்கத்தில் அம்மாவுக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறது.