புதுப் பெட்டி, பழைய வயர்: ஃபியூஸ் போர்டு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்த பழைய போர்டு போய்விட்டது. அந்த இடத்தில் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) போட்ட புதுப் பெட்டி. லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. "முடிஞ்சுது சார், போட்டுப் பாருங்க" என்று எலக்ட்ரீஷியன் பையை மூடுகிறார். நாமும் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஆனால் லைட் எரிவதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. எர்த்தே இல்லாத வீட்டிலும் லைட் எரியும். ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடந்தாலும் எரியும்.

பெட்டியைச் சுவரில் மாட்டுவது சின்ன வேலை. சுவருக்குள் கிடக்கும் பழைய வயர் என்ன நிலையில் இருக்கிறது என்று அளந்து பார்ப்பதுதான் பெரிய வேலை. நான் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி அந்த அளவையைத் தட்டிக் கழித்ததால் வந்தவை.

சோதிக்காமல் கழற்றுவது

பழைய ஃபியூஸ் கம்பி கொஞ்சம் பொறுமைசாலி. அதன் மதிப்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்ட் ஓடினால்தான் உருகும். அதுவும் சரியான கம்பி போட்டிருந்தால். பல வீடுகளில் கையில் கிடைத்த செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகியிருப்பார்கள். எம்.சி.பி. அப்படியில்லை. ஐ.இ.சி. 60898 என்ற சர்வதேசத் தரத்தின்படி, வீட்டில் போடும் அளவுகளில் 1.45 மடங்கு ஓடினாலே ஒரு மணி நேரத்துக்குள் ட்ரிப் ஆகியாக வேண்டும். எர்த் கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இன்னும் கறார். போன கரண்டுக்கும் திரும்பி வந்த கரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் கண்டிப்பாகத் துண்டித்துவிடும். 15-க்கு மேலேயே துண்டிக்கலாம். பழைய ஃபியூஸுக்கோ எர்த் கசிவு என்று ஒன்று இருப்பதே தெரியாது.

ஆகவே இருபது வருடமாகச் சத்தமில்லாமல் இருந்த கசிவு, புதுப் பெட்டி வந்த அன்றே வெளியே வரும். "புது பாக்ஸ் சரியில்லை, சும்மா சும்மா விழுது" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான். பெட்டி பொய் சொல்லவில்லை.

பழைய போர்டில் கை வைப்பதற்கு முன்பே ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் மெகர் (வயர் தோலின், அதாவது இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவி) போட்டுப் பார்க்க வேண்டும். 500 வோல்ட் டி.சி. கொடுத்து இன்சுலேஷனை அளக்கையில் 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்தச் சர்க்யூட் தேறாது. நல்ல வயரில் நூற்றுக்கணக்கில் காட்டும். 2, 3 என்று காட்டினால் கணக்குப்படி பாஸ்தான், ஆனால் நானாக இருந்தால் விடமாட்டேன். எங்கோ ஒரு பெட்டிக்குள் ஈரமோ, தோல் உரிந்த வயரோ இருக்கும். அளப்பதற்கு முன் எல்.இ.டி. பல்பு, டிம்மர், பிளக்கில் சொருகிய சாமான்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அளவும் தப்பாக வரும், பல்பும் போகும்.

கடன் வாங்கிய நியூட்ரல்

ஒரு வீட்டில் கீழ்த்தளத்துக்கு ஒன்று, மேல்தளத்துக்கு ஒன்று என இரண்டு ஆர்.சி.சி.பி. வைத்துப் புதுப் பெட்டி போட்டிருந்தார்கள். மாடிப்படி விளக்கைப் போட்டால் பாதி வீடு இருட்டு. சில நேரம் முழு வீடும். அதுவோ 9 வாட் பல்பு. முதலில் வந்தவர் ஆர்.சி.சி.பி.யை மாற்றினார். பிறகு அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துவிடலாம் என்றார். வீட்டுக்காரர் நல்ல வேளையாக ஒத்துக்கொள்ளவில்லை.

சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்ததில் விஷயம் தெரிந்தது. விளக்குக்கு ஃபேஸ் கீழ்த்தளச் சுவிட்சிலிருந்து போகிறது; நியூட்ரலை மட்டும் பக்கத்தில் இருந்த மேல்தள லைட் பாயிண்டில் முடிந்துவிட்டிருக்கிறார்கள். ஒரு ஆள் வயர் மிச்சம் பிடித்திருக்கிறார். பழைய போர்டில் எல்லா நியூட்ரலும் ஒரே லிங்க்கில் சேர்ந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது கரண்ட் ஒரு ஆர்.சி.சி.பி. வழியாகப் போய் இன்னொன்றின் வழியாகத் திரும்புகிறது. 9 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 39 மில்லி ஆம்பியர். போதாதா?

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேல்தள எம்.சி.பி.யை அணைத்துவிட்டு நியூட்ரல் முடிச்சை அவிழ்ப்பவருக்கு, கீழ்த்தளத்திலிருந்து அந்தப் பல்பு வழியாக ஷாக் வரும். அந்த விளக்குக்குச் சொந்தமாக ஒரு நியூட்ரல் இழுத்ததும் பிரச்சினை தீர்ந்தது.

நியூட்ரல் பற்றிப் பேசுகையில் இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய போர்டுகள் சிலவற்றில் நியூட்ரலிலும் ஒரு ஃபியூஸ் கட்டை இருக்கும். அது மட்டும் போனால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும். "கட்டைக்குக் கட்டை எம்.சி.பி." என்று நியூட்ரலிலும் தனி எம்.சி.பி. போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நியூட்ரலை ஃபேஸோடு சேர்த்துத்தான் துண்டிக்கலாம். தனியாகக் கூடவே கூடாது.

விழுகிறதென்று பெரிதாக்குவது

எம்.சி.பி. காப்பாற்றுவது ஏ.சி.யையோ ஹீட்டரையோ அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரை. 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயருக்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 16 அல்லது 20 என்பது வீடுகளில் வழக்கம். ஒரே பைப்பில் நிறைய வயர் நெருக்கியிருந்தால் அதுவும் குறையும். 16 விழுகிறதென்று 32 போட்டால் விழுவது நிற்கும், வயர் சூடாவது நிற்காது.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத தவறு ஒன்று உண்டு. பி டைப்பை எடுத்துவிட்டு சி டைப் போடுவது. பி 16 என்றால் 80 ஆம்பியருக்குள் உடனே விழும். சி 16-க்கு அதே வேகத்துக்கு 160 ஆம்பியர் வரை தேவைப்படலாம். ஷார்ட் ஆகும்போது அவ்வளவு கரண்ட் பாய, எர்த் வழியாகச் சுற்றி வரும் பாதையின் தடை குறைவாக இருக்க வேண்டும்: 230 வோல்ட்டில் பி 16-க்கு 2.87 ஓம், சி 16-க்கு அதில் பாதி. இந்தத் தடையை அளக்கும் லூப் டெஸ்ட் எடுக்காமல் டைப்பை மாற்றுகிறவருக்கு அந்தப் பாதை தாங்குமா என்று தெரிய வழியே இல்லை.

எர்த் குழியை மட்டும் நம்பும் வீடுகளில் கதை இன்னும் மோசம். கம்பியின் எர்த் தடை 20 ஓம் என்று வையுங்கள். ஃபேஸ் வயர் கிரைண்டர் உடம்பில் பட்டால் ஓடுவது சுமார் 11 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது, கிரைண்டர் உடம்பு மின்சாரத்தோடு நிற்கும். அந்த வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தே ஆக வேண்டும்.

ஆனால் ஆர்.சி.சி.பி. ஓவர்லோடைக் கவனிக்காது, எம்.சி.பி. கசிவைக் கவனிக்காது. இரண்டையும் ஒன்றே செய்ய வேண்டுமென்றால் ஆர்.சி.பி.ஓ. வீடு முழுக்க ஒரே ஆர்.சி.சி.பி. போட்டால் மொட்டை மாடி விளக்கில் மழைநீர் புகுந்தாலும் ஃப்ரிட்ஜ் நிற்கும். டைப்பும் பார்த்து வாங்க வேண்டும். இன்வெர்ட்டர் ஏ.சி., வாஷிங் மெஷின் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த சாமான்களின் கசிவில் டி.சி. கலந்திருக்கும். 'AC' என்று குறித்த டைப் ஆர்.சி.சி.பி. அதில் மந்தமாகிவிடலாம், 'A' டைப் தாங்கும்.

டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது, ஆகவே எர்த் நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஏராளம். பட்டன் பெட்டிக்குள்ளேயே ஒரு சின்னக் கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் அது ஜோராக வேலை செய்யும்.

மெயினை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கை

மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்கு முன்னால் இருக்கும் ஸ்க்ரூக்களில் மீட்டரிலிருந்து வரும் மின்சாரம் அப்படியே இருக்கும். அதை நிறுத்த சப்ளை தருபவரைத்தான் கேட்க வேண்டும். அவர் போட்ட சீல்களை உடைத்து கட் அவுட்டை (சப்ளை வரும் இடத்தில் இருக்கும் மெயின் ஃபியூஸ்) பிடுங்குவது சட்டப்படியும் வம்பு, உயிருக்கும் வம்பு. வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால் அதன் அவுட்புட் வயர் பின்பக்கமாக உயிரோடு இருக்கும். பேட்டரியோடு இருக்கும் சோலாரும் அப்படித்தான். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பது ஆதாரமாகாது. ரப்பர் மேட்டில் நின்றால்கூட அது மங்கிப்போகும். டெஸ்ட் மீட்டரை மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்து, வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்ப்பதே முறை.

ஸ்க்ரூ இறுக்கம் சாதாரணமாகத் தோன்றும். லூசான முனை சூடாகி, கறுத்து, ஒரு நாள் புகையும். தோலோடு சேர்த்துக் கடித்த வயரும் அப்படியே. பெட்டித் தயாரிப்பாளர் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று போட்டிருப்பார். அதற்கென்று டார்க் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது. காலியான இடங்களை மூடாமல் விடுவதும், வேறு கம்பெனி எம்.சி.பி.யை பஸ்பாரில் (எம்.சி.பி.களுக்கு மின்சாரம் பகிரும் உலோகப் பட்டை) திணிப்பதும் இதே ரகம்.

காகிதத்தைக் கேட்காமல் விடுவது

பெட்டி மாற்ற யாருக்கு உரிமை, யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்தில் 2005 ஜனவரியிலிருந்து கட்டட விதிகளின் 'P' பகுதி இதைக் கவனிக்கிறது. அங்கே ஃபியூஸ் பெட்டி மாற்றுவது உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டிய வேலை, அல்லது பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் செய்து சான்றளிக்க வேண்டியது. வேறு இடங்களில் லைசென்ஸ் பெற்ற காண்ட்ராக்டரின் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்பார்கள். விற்கும்போதோ, தீ விபத்துக்கு இன்சூரன்ஸ் கோரும்போதோ அந்தக் காகிதத்தைத் தேடினால் கிடைக்காது. வேலை முடிந்த அன்றே வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாங்கினால் மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும். "திருப்திகரமாக உள்ளது" என்ற ஒற்றை வரியும் முத்திரையும் சான்றிதழ் ஆகாது. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் எம்.சி.பி. டைப், வயர் அளவு, எர்த் தொடர்ச்சி, இன்சுலேஷன், லூப் தடை, ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி செகண்டில் விழுந்தது என்று எண்கள் இருக்க வேண்டும். சாதாரண 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதே கரண்டில் 300 மில்லி செகண்டுக்குள்ளும், ஐந்து மடங்கில் 40-க்குள்ளும் விழ வேண்டும். கையெழுத்துப் போட்டவரும் வீட்டுக்கு வந்தவரும் ஒரே ஆள்தானா, அவர் மேற்பார்வையிலாவது நடந்ததா என்றும் பாருங்கள்.

லூப் தடை வரிசையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். வயர் நீளம் கூடக் கூட அந்த எண் ஏற வேண்டும். பெட்டிக்குப் பக்கத்து பிளக்கிலும் மாடிக் கோடி அறையிலும் அச்சு அசலாக 0.42 என்று எழுதியிருந்தால், கோடி அறைக்கு யாரும் போகவில்லை. பாக்கிப் பணத்தை எடுப்பதற்கு முன், டெஸ்ட் மீட்டரைக் கொண்டுபோய் அங்கே ஒருமுறை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.