உகாண்டா கிராமங்களுக்கு ஊழியப் பயணமா? இவற்றைக் கவனியுங்கள்

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் புறப்பட 10 நாளுக்கு முன்பே போட்டுவிடுங்கள். அதற்குப் பிந்தினால் ஊசி போட்டதற்கான அட்டை இருந்தும் செல்லாது. அந்த அட்டை இல்லாமல் இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

மலேரியா வராமல் தடுக்க மருத்துவர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதினால், ஊர் திரும்பிய பின்னும் 4 வாரம் விழுங்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். சாப்பிட்டபின், ஒரு டம்ளர் தண்ணீரோடு. உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் உறுதி. வெயிலில் தோல் சீக்கிரம் சிவக்கும், முழுக்கை சட்டை போடுங்கள்.

கூட்டத்துக்கு முன் ஊரின் எல்.சி.1 (கிராம உள்ளாட்சி மன்றம்) தலைவரைப் பார்த்து அனுமதி வாங்குங்கள். நேரம் சொல்லும்போது கவனம்: அங்கே பேசும் லுகாண்டா மொழியில் காலை 7 மணிதான் முதல் மணி. மாலை 4 மணியை 'சாவா க்கூமி', அதாவது பத்தாம் மணி என்பார்கள். நோட்டீஸில் வெறும் '10' என்று போட்டால் பாதிப் பேர் காலையிலேயே வந்து நிற்பார்கள். 4 மணிக்குத் தொடங்கி 6க்குள் முடியுங்கள். ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஜனங்கள் நடந்து வீடு சேர வேண்டும்.

வசனக் குறிப்புகளை முந்தின நாளே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். அவர் லுகாண்டா வேதாகமத்திலிருந்தே வாசிக்கட்டும். மேடையில் நின்று அவரே மொழிபெயர்த்தால் வசனம் திரிந்துபோகும். வடக்கே குலு பக்கம் லுகாண்டா உதவாது, அச்சோலி மொழி தெரிந்தவர் வேண்டும். ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம் போதும். நம்மூர்ச் சிலேடை அங்கே எடுபடாது.

ஜெனரேட்டரை மேடையிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, காற்று போகும் திசையில் வையுங்கள். ப்ளக் அங்கே மூன்று சதுர முள்; அடாப்டர் இரண்டு எடுத்துப் போங்கள்.