அயவாஸ்கா சடங்குக்கு பெரு போறீங்களா, அப்ப கிளம்புறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க

அயவாஸ்காங்கிறது அமேசான் காட்டுப் பழங்குடி மக்கள் வைத்தியச் சடங்குல குடிக்கிற, மனசுக்குள்ள காட்சிகள் வரவைக்கிற ஒரு செடிக் கஷாயம். முதல்ல நீங்க தினமும் போடுற மாத்திரை எல்லாத்தையும் எடுத்து மேஜை மேல வைங்க. டிக்கெட், தங்குற இடம், எந்த வைத்தியர்னு தேடுறது எல்லாம் அதுக்கு அப்புறம்தான், ஏன்னா இந்த விஷயத்துல உயிருக்கு ஆபத்து வர்றது பெரும்பாலும் காட்டுலயோ பாம்புலயோ இல்ல, நம்ம பையில இருக்குற மாத்திரையிலதான்.

காரணம் என்னன்னா, அந்தக் கஷாயத்துல பொதுவா ரெண்டு செடி சேருது. ஒண்ணு பானிஸ்டீரியாப்சிஸ் காப்பிங்கிற கொடி, இன்னொண்ணு சக்ருனாங்கிற புதர்ச்செடியோட இலை. இலையில டிஎம்டிங்கிற, காட்சிகள் வரவைக்கிற பொருள் இருக்கு, ஆனா அத மட்டும் வாய் வழியா எடுத்தா நம்ம குடல்லயும் ஈரல்லயும் இருக்குற எம்ஏஓங்கிற என்சைம் அத உடைச்சுப் போட்டுரும், ஒண்ணும் தெரியாது. கொடியில இருக்குற ஹார்மின், ஹார்மலின் இதெல்லாம் அந்த என்சைம கொஞ்ச நேரம் தடுத்து வைக்குது, அதனாலதான் இலை வேலை செய்யுது. லேப் எதுவும் இல்லாம இந்த ஜோடிய அந்தக் காட்டு ஜனங்க கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்கங்கிறது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆனா அந்தத் தடுப்புதான் பிரச்சனையும். ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் மாதிரி மனச்சோர்வு மாத்திரை எடுக்குறவங்க இத குடிச்சா உடம்புல செரோடோனின் எகிறி, காய்ச்சல், நடுக்கம், தசை விறைப்பு, குழப்பம்னு போய் உயிருக்கே ஆபத்தாகலாம். வலிக்குக் குடுக்குற டிராமடால், இருமல் மருந்துல வர்ற டெக்ஸ்ட்ரோமெத்தார்பான், மூலிகைதானேன்னு சாப்பிடுற செயின்ட் ஜான்ஸ் வொர்ட் கூட இதே லிஸ்ட்லதான் வரும். ஃப்ளூஆக்ஸெடின் நிறுத்தின பிறகும் 5 வாரம் வரைக்கும் உடம்புல தங்கும், அதனால ரெண்டு நாள் முன்னாடி நிறுத்திட்டு வாங்க போதும்னு எந்த இடத்துலயாவது சொன்னாங்கன்னா அந்த இடத்த அப்பவே விட்டுருங்க. நீங்களா மாத்திரைய நிறுத்தவும் கூடாது, உங்களுக்கு எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட எதுக்காக நிறுத்தணும்னு நேராவே சொல்லிக் கேளுங்க, அவர் வேண்டாம்னா போகாதீங்க.

உங்களுக்கோ நெருங்கின ரத்த சொந்தத்துலயோ ஸ்கிசோஃப்ரீனியா, பைபோலார் இருந்தா இது வேண்டவே வேண்டாம். இதய நோய், கட்டுப்பாட்டுல இல்லாத பிரஷர், வலிப்பு இருக்குறவங்க, கர்ப்பமா இருக்குறவங்களும் இதுல இறங்கக்கூடாது. ஒழுங்கான இடமா இருந்தா இதெல்லாம் கேட்டு ஒரு நீளமான ஃபார்ம் அனுப்புவாங்க, அதுல ஒண்ணக்கூட மறைக்காதீங்க.

அடுத்தது யார்கிட்ட போறதுங்கிறது, எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது இதுதான். பெருவுல உக்காயலி ஆத்தோரம் ஷிப்பிபோ கோனிபோ மக்கள் இருக்காங்க, அவங்க வைத்தியர ஒனான்யான்னு சொல்வாங்க. ஒருத்தர் ஒனான்யா ஆகணும்னா டயட்டான்னு ஒண்ணு இருக்கணும், அதாவது தனியா ஒரு குடிசையில உப்பு, சர்க்கரை, காரம், மது, உடலுறவு எதுவும் இல்லாம ஒரு குறிப்பிட்ட செடியோட மாசக்கணக்குல இருந்து அந்தச் செடிகிட்ட பாட்டு வாங்கணும், இப்படி ஒவ்வொரு செடியா வருஷக்கணக்குல போகும். அந்தப் பாட்டுதான் இக்காரோ. அந்தக் காலத்துல பல சமயம் வைத்தியர் மட்டும்தான் கஷாயத்த குடிப்பாரு, நோயாளி சும்மா படுத்திருப்பாரு, குடிச்சு நோயப் பாத்துப் பாட்டாலயே சரி பண்றதுதான் முறை. எல்லாரும் வரிசையா உக்காந்து குடிக்கிறது வெளிநாட்டுக்காரங்க வர ஆரம்பிச்ச பிறகு ரொம்ப பரவுச்சு. அதனால எங்க போனாலும் கஷாயம் எவ்வளவு ஸ்ட்ராங்னு விசாரிக்காதீங்க, பாடுறவர் யாரு, அவர் எங்க யார்கிட்ட எத்தனை வருஷம் டயட்டா இருந்தாரு, ஒரு ராத்திரிக்கு எத்தனை பேர உக்கார வைப்பீங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வந்து பாடுவாரா, ராத்திரி யாருக்காவது முடியலன்னா எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரத்துல கூட்டிட்டுப் போவீங்கன்னு கேளுங்க. கடைசிக் கேள்விக்கு மழுப்புனா அங்க பணம் கட்டாதீங்க.

கஷாயத்துல டோயே சேக்குறாங்களான்னு கண்டிப்பா கேக்கணும். அது ப்ரூக்மான்சியா, ஊமத்தையோட உறவு, ஸ்கோபோலமின் இருக்கு, அளவு கொஞ்சம் கூடினாலே சுயநினைவு போயிரும். சேக்கவே மாட்டோம்னு சொல்ற இடம் போதும். அதே மாதிரி காம்போன்னு தவளை விஷத்த தோல சுட்டு வைக்கிறத ஒரே பேக்கேஜ்ல சேத்து விப்பாங்க, அது வேற ஜனங்களோட வேற வழக்கம், அப்ப அளவில்லாம தண்ணி குடிச்சு ரத்தத்துல சோடியம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

பெண்களுக்கு ஒண்ணு தனியா சொல்லணும். இருட்டு, மயக்கம், வைத்தியர்மேல இருக்குற மரியாதை, இது மூணையும் பயன்படுத்தி தப்பு பண்ணினவங்க அங்க உண்டு. கூட ஒரு ஆள் இல்லாம போகாதீங்க, பெண் வைத்தியரோ பெண் உதவியாளரோ இருக்குற இடமா பாருங்க. வைத்தியத்துக்காக ட்ரெஸ்ஸ கழட்டணும், தனியா வரணும்னு யாராவது சொன்னா அது வைத்தியமே இல்ல, உடனே எழுந்து வந்துருங்க.

சட்டம் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். பெருவுல 2008ல பழங்குடி மக்களோட அயவாஸ்கா அறிவையும் வழக்கத்தையும் தேசிய பண்பாட்டுச் சொத்தா அறிவிச்சுட்டாங்க, அங்க பிரச்சனை இல்ல. ஆனா இந்தியாவுல டிஎம்டி போதைப்பொருள் சட்டத்துல வருது, ஞாபகத்துக்குன்னு ஒரு சின்ன பாட்டில்கூட ஊருக்குக் கொண்டு வராதீங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி கிளம்புறதுக்கு 10 நாளாவது முன்னாடி போட்டு கார்டு வாங்கி வெச்சுக்கோங்க, அது இல்லாம பெருவுல இருந்து நேரா இந்தியா இறங்கினா ஏர்போர்ட்லயே பிடிச்சு தனியா வெச்சிருவாங்க. பெருவோட காட்டுப் பகுதியில இருக்குற இக்கிடோஸ் ஊர்ப் பக்கம் மலேரியாவும் உண்டு, மலேரியா மாத்திரை எது உங்களுக்கு சரின்னும் டாக்டர்கிட்ட கேட்டுருங்க. அந்த ஊருக்கு நாட்டோட மத்த பெரிய ஊர்கள்ல இருந்து ரோடு கிடையாது, பிளேன் இல்லன்னா படகுதான். உக்காயலி ஆத்தோர ஊரான புக்கால்பாவுக்கு லிமால இருந்து ரோடு இருக்கு.

சாப்பாட்டு விஷயத்துல பல இடங்கள்ல ஒரு வாரமாவது பத்தியம் கேப்பாங்க, பன்றி இறைச்சி, மது, காரம், ஊறுகாய், கருவாடு, பழைய சீஸ், சோயா சாஸ் எல்லாம் நிறுத்தணும். சடங்கு அன்னிக்கு மதியம் லேசா சாப்பிட்டதோட சரி.

சடங்கு மலோக்காங்கிற வட்டமான பெரிய கூரை வீட்டுல இருட்டின பிறகு நடக்கும். ஆளுக்கு ஒரு மெத்தை, பக்கத்துல ஒரு வாளி. வைத்தியர் மப்பாச்சோன்னு கெட்டியான காட்டுப் புகையிலைய கஷாயத்து மேல ஊதிட்டு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு சின்ன கப்புல குடுப்பாரு. முதல் ராத்திரி கம்மியா குடுங்கன்னு நீங்களே கேளுங்க, அது உங்க உரிமை. கசப்பு தாங்காது, கொஞ்சமா தண்ணில வாய கொப்பளிச்சு துப்பிக்கலாம். அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள்ள ஆரம்பிச்சு நாலஞ்சு மணி நேரம் போகும். வாந்தி, சில பேருக்கு பேதி, அழுகை எல்லாம் வரும், அங்க அதையும் சுத்தம் பண்றதாத்தான் பாக்குறாங்க, அதனால அடக்காதீங்க, கூச்சப்படவும் வேண்டாம். பயம் ரொம்ப ஏறுச்சுன்னா எழுந்து உக்காந்து முதுக நேரா வெச்சு மூச்ச மெதுவா விட்டுகிட்டே காத பாட்டுல வைங்க. பக்கத்துல இருக்குறவர தொடாதீங்க, பேசாதீங்க, அவருக்கு ஆறுதல் சொல்ல வைத்தியரும் உதவியாளரும் இருக்காங்க. பாத்ரூம் போக துணிய சுத்தி மங்கலாக்கின டார்ச் போதும், முடியலன்னா உதவியாளர கூப்பிடுங்க.

முடிஞ்ச பிறகு ஒரு மாசத்துக்கு வேலைய விடுறது, கல்யாணம், விவாகரத்து, சொத்து விக்கிறது மாதிரி எந்த பெரிய முடிவும் எடுக்காதீங்க. பாத்தத ஒரு நோட்டுல எழுதி வைங்க, தூக்கம் நாலஞ்சு நாளா வரலன்னா, யாரோ பேசுற மாதிரி கேட்டுகிட்டே இருந்துச்சுன்னா மனநல டாக்டர்கிட்ட போய் எங்க என்ன குடிச்சீங்கன்னு அப்படியே சொல்லுங்க. நிறுத்தின மாத்திரைய எப்ப திரும்ப ஆரம்பிக்கிறதுன்னும் அவர்தான் சொல்லணும். புக்கால்பா வழியா திரும்புறீங்கன்னா யாரினாகோச்சா ஏரிக்கரை பக்கம் ஷிப்பிபோ பெண்கள் கெனே கோலம் போட்ட துணி விப்பாங்க, அத அவங்க கையில நேராவே பணம் குடுத்து வாங்குங்க, பேரம் பேசாம.