வெட்டிக்கொண்ட சமாந்தரக் கோடுகள்

சாதாரண தரத்துக்குப் படிக்கும் அக்காவின் மகன், மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வரைபுத்தாளுடன் வந்தான். "சமாந்தரம் என்று கேள்வியிலேயே இருக்கிறது மாமா, ஆனால் வெட்டுகின்றன" என்றான். கோடுகள் எக்ஸ் அச்சில் −1.5 இல் சந்தித்தன.

முதல் சமன்பாடு வை = 2எக்ஸ் + 3. இரண்டாவது 4எக்ஸ் − 2வை = 6. நான் அளவுத்திட்டத்தைத்தான் சந்தேகித்து அரை மணி நேரத்தை வீணாக்கினேன். பிழை அங்கில்லை. −2வை = −4எக்ஸ் + 6 என்பது வரை சரி. பிறகு 6ஐ −2 ஆல் வகுத்தவன், −4ஐ வெறும் 2 ஆல் வகுத்திருந்தான். கோட்டின் சாய்வைச் சொல்லும் படித்திறன் −2 ஆகிவிட்டது! திருத்தியதும் வை = 2எக்ஸ் − 3 வந்தது. படித்திறன் இரண்டிலும் 2, அதனால்தான் சமாந்தரம். வை அச்சை வெட்டும் இடங்களான வெட்டுத்துண்டுகள் மட்டும் வேறு: 3, −3.

அட்டவணை போடாமல் வரையச் சொன்னேன். (0, 3) இலிருந்து வலப்புறம் 1, மேலே 2. (0, −3) இலிருந்தும் அதே நடை. எங்கே அளந்தாலும் நிலைக்குத்தாக 6 அலகு இடைவெளி. 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலமும் பக்கத்துப் புதிய பாலமும் போல, என்றேன். அவன் அதற்குள் அடுத்த கணக்குக்குப் போய்விட்டான்.