இன்ஜின் மாற்றிய பழைய டீசல் வண்டிக்கு டீலரிடம் ரீகால் வேலை வாங்குவது எப்படி

அமெரிக்காவில் ரீகால், அதாவது குறைபாடுள்ள பாகத்தைத் தயாரிப்பாளர் திரும்ப அழைத்துச் சரிசெய்து தரும் வேலை, வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணான வின் நம்பரோடு கட்டப்பட்டது. இன்ஜினைக் கழற்றி வேறொன்றை இறக்கினாலும் அந்தக் கட்டு அவிழாது. ஆனாலும் ஃபோர்டு எஃப்-250-க்குள் வேறு கம்பெனியின் கம்மின்ஸ் டீசல் இன்ஜின் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் "இதை நாங்கள் தொட மாட்டோம்" என்று திருப்பி அனுப்பும் சர்வீஸ் கவுண்டர்கள் உண்டு. சில ரீகால்களுக்கு அந்தப் பதில் நியாயம். பலவற்றுக்கு நியாயமே இல்லை. எது எது என்று வீட்டிலேயே பிரித்து வைத்துக்கொண்டு போக வேண்டும்.

முதலில் வயதுக் கணக்கு. "15 வருஷம் தாண்டிவிட்டது, இலவசம் கிடையாது" என்பார்கள். சட்டம் சொல்லும் 15 ஆண்டு, முதல் உரிமையாளர் வண்டி வாங்கிய நாளிலிருந்து ரீகால் அறிவிப்பு வந்த நாள் வரை. நீங்கள் டீலரிடம் போகும் நாள் அந்தக் கணக்கில் வராது. (2015 இறுதியில் சட்டம் மாறும்வரை இந்த வரம்பு 10 ஆண்டாக இருந்தது.) 2003-இல் விற்ற வண்டிக்கு 2007-இல் ரீகால் வந்தது என்றால் அது நான்கு வயது வண்டிக்கு வந்த ரீகால், இன்றும் இலவசம்தான். பார்ட் இன்னும் கிடைக்கிறதா என்பது தனிக் கேள்வி. முன்பதிவு செய்யும்போதே அதைக் கேட்டுவிடுங்கள்.

நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான என்.ஹெச்.டி.எஸ்.ஏ.வின் இணையதளத்தில் வின் நம்பரைப் போட்டால் செய்யாமல் விட்ட ரீகால்கள் வரும். ஆனால் அந்தத் தேடல் கடந்த 15 ஆண்டு ரீகால்களைத்தான் காட்டும். பழைய டீசலுக்கு "எதுவும் இல்லை" என்று வந்தால் அதோடு நின்றுவிடக் கூடாது. டீலரை அழைத்து, திறந்திருக்கும் ரீகால், முடித்த ரீகால் இரண்டையும், முடித்த தேதியோடு கேளுங்கள். அந்தத் தேதி ஏன் முக்கியம் என்பது பின்னால் வருகிறது.

பட்டியல் கைக்கு வந்ததும் ஒவ்வொரு ரீகாலும் எந்தப் பாகத்தைத் தொடுகிறது என்று பாருங்கள்.

ஏர்பேக், பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட் போன்ற சேஸிஸ் வேலைகளுக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இல்லை. 2003–2008 தலைமுறை டாட்ஜ் ராம் வண்டிகள் பலவற்றில் டக்காட்டா என்ற கம்பெனி செய்த ஏர்பேக்குக்கான ரீகால் இருக்கிறது. ஏர்பேக்கை விரிக்கும் இன்ஃப்ளேட்டருக்குள் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் பல வருட வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது உலோகக் கூட்டையே உடைத்துச் சிதறடிக்கும். உயிர்கள் போயிருக்கின்றன. இன்ஜினைக் காரணம் காட்டி இந்த வேலையை யாராவது மறுத்தால் விடவே விடாதீர்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இன்ஜின் மாற்றும்போது வயரிங்கில் கை வைத்ததால் ஏர்பேக் விளக்கு நிரந்தரமாக எரிகிறதா என்று பாருங்கள். சாவி போட்டதும் எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால், வேலை சரியாக முடிந்ததா என்று டீலரால் உறுதி செய்ய முடியாது. வண்டி அங்கேயே நின்றுவிடும்.

ஃபோர்டில் இன்னொன்று: பிரேக் மாஸ்டர் சிலிண்டரோடு இணைந்த குரூஸ் கண்ட்ரோல் சுவிட்ச். சாவியை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் இருக்கும். உள்ளே இருக்கும் மெல்லிய படலம் விரிசல் விட்டு பிரேக் ஆயில் மின் பகுதிக்குள் கசிந்தால், நிறுத்திய வண்டியே தீப்பிடிக்கும். ஃபியூஸ் உள்ள ஒரு சிறு வயர் தொகுப்பை இடையில் செருகுவதுதான் தீர்வு. இன்ஜின் மாற்றியவர் அந்தக் கனெக்டரை வெட்டி டேப் சுற்றியிருந்தால் செருக இடம் இருக்காது. வெட்டிய வயரை டீலர் இலவசமாகச் சரிசெய்ய மாட்டார். கனெக்டரை முன்பே ஒட்டித் தயாராக வையுங்கள்.

சிக்கலெல்லாம் இன்ஜினோடு வரும் பாகங்களில்தான். ஃபோர்டின் 7.3 லிட்டர் டீசல் இன்ஜினான பவர் ஸ்ட்ரோக்கின் கேம்ஷாஃப்ட் பொசிஷன் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த சிக்னல் நின்றால் இன்ஜெக்டர்களை எப்போது திறப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஓடும் வண்டி அப்படியே அணைந்துவிடும். இதற்கு 2007-இல் ரீகால் வந்தது. இப்போது மூன்று நிலைகள் இருக்கலாம்.

உங்கள் வின் நம்பரில் ரீகால் திறந்திருக்கிறது, ஆனால் 7.3 போய் கம்மின்ஸ் வந்துவிட்டது: மாற்ற எதுவும் இல்லை. பரிசோதித்துவிட்டு, பாகம் இல்லை என்று குறித்து ரீகாலை மூட முடியுமா என்று கேளுங்கள்.

ரீகால் திறந்திருக்கிறது, உள்ளே இருப்பது இன்னொரு 7.3: பாகம் அதே இடத்தில் இருப்பதால் செய்து தரச் சொல்லிக் கேட்க வலுவான காரணம் உண்டு.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாமலே போகும் ஆபத்து. 2008-இல் பழைய இன்ஜினுக்கு வேலை முடிந்து ரீகால் மூடப்பட்டது. அதன் பிறகு, அந்த ரீகால் வேலை முடிக்கப்படாத வேறொரு 7.3 இன்ஜின் உள்ளே வந்தது. காகிதத்தில் வண்டி சுத்தம், பானெட்டுக்குள் பழைய சென்சார். ஒரே வின் நம்பருக்கு இரண்டாம் முறை டீலர் தயாரிப்பாளரிடம் பணம் கேட்க முடியாது. முடித்த தேதியையும் இன்ஜின் மாற்றிய தேதியையும் ஒப்பிட்டால்தான் இது வெளியே வரும். இன்ஜின் வாங்கிய பழைய வண்டி யார்டிலிருந்து, அது எந்த வண்டியில் இருந்தது என்று வின் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். அதில் ரீகால் முடியவில்லை என்றால் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவையில் புகார் எண் திறந்து கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் நீங்களே மாற்றுங்கள். இன்ஜின் முன்புறத்தில், கீழிருந்து கை போகும் இடத்தில், ஒரே ஒரு 10 மி.மீ. போல்ட். ஓ-ரிங்கில் எண்ணெய் தடவி உள்ளே தள்ளினால் போதும்.

கம்ப்யூட்டர் புரோகிராம் மாற்றும் ரீகால்களுக்கு, வண்டியில் ஒரிஜினல் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். பி7100 என்ற டீசல் பம்ப் உள்ள 12 வால்வ் கம்மின்ஸ் முழுக்க மெக்கானிக்கல். புரோகிராம் ஏற்ற அதில் எதுவும் கிடையாது. வேறு வண்டியின் கம்ப்யூட்டர் இருந்தால் அதற்குள் இருக்கும் வின் நம்பர் பொருந்தாமல் ஸ்கேன் கருவி நின்றுவிடும். ட்யூன் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மாற்றிய புரோகிராம்) போட்டிருந்தால் கொண்டுபோகும் முன் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். இல்லையென்றால் டீலரின் புரோகிராம் அதை அழித்துவிடும்.

புகை சம்பந்தமான ரீகால் வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி), இஜிஆர் (புகையின் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) கழற்றிய வண்டிக்கு அதை மறுத்தால் வாதாட இடமில்லை.

டீலரிடம் போகும்போது ஒரு கோப்பு: பதிவுச் சான்று, இன்ஜின் வாங்கிய ரசீது, அது வந்த வண்டியின் வின் நம்பர், இன்ஜின் சீரியல் தகட்டின் படம், ரீகால் சொல்லும் பாகம் கனெக்டரோடு தெரியும் இரண்டு படங்கள். இன்ஜின் மாற்றியதை மறைக்காதீர்கள். மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் தெரிந்துவிடும், அதன் பிறகு உங்கள் பேச்சு எடுபடாது. வின் நம்பரின் 8-ஆவது எழுத்து தொழிற்சாலை இன்ஜினைச் சொல்லும். ஃபோர்டு டீசலில் எஃப் (F) என்றால் 7.3 லிட்டர், பி (P) என்றால் 6.0 லிட்டர். பார்ட்ஸ் கவுண்டர் அதை வைத்தே எடுக்கும் என்பதால் இன்ஜின் பாகமாக இருந்தால் படத்தைக் காட்டி ஒப்பிடச் சொல்லுங்கள். பார்ட் வந்துசேர்ந்த பிறகே வண்டியை விடுங்கள்.

ரிப்பேர் ஆர்டரில் ரீகால் எண்ணைக் குறிப்பிட்டு "இந்த வேலை மட்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது அந்த எண்ணும் போட்ட பார்ட் நம்பரும் ரசீதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மறுத்தால், வாய்ப் பேச்சோடு விடாமல் காரணத்தை ரிப்பேர் ஆர்டரிலேயே எழுதித் தரக் கேளுங்கள். எழுதச் சொன்னதுமே சர்வீஸ் மேனேஜர் வந்து பேசுவது வழக்கம். அடுத்தது தயாரிப்பாளரிடம் புகார் எண், அதற்கும் அடுத்தது 888-327-4236 எண்ணில் என்.ஹெச்.டி.எஸ்.ஏ.விடம் புகார். வண்டியை ஒப்படைத்த முதல் நாளிலிருந்து 60 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், நியாயமான காலத்தில் செய்யவில்லை என்பதற்கு அதுவே முதல்நிலைச் சான்று என்று சட்டம் சொல்கிறது. அதனால் அந்த முதல் நாளின் தேதி போட்ட காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.