மரவேலைக்கு நீடித்து உழைக்கும் டிரில் பிட்: பார்த்து வாங்குவது எப்படி?

டிரில் பிட் சீக்கிரம் மழுங்குவதற்கு முக்கியக் காரணம் சூடு. சாதாரண கார்பன் ஸ்டீல் பிட் 250 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் ஏறத்தாழ 600 டிகிரி வரை தாங்கும். அதனால் முதலில் உலோகம், பிறகுதான் மற்றதெல்லாம்.

1. தண்டைப் பாருங்கள். ஹெச்.எஸ்.எஸ். என்று பொறித்திருக்க வேண்டும். தங்க நிறத்தில் மயங்காதீர்கள்: அந்த டைட்டானியம் நைட்ரைடு பூச்சின் கனம் சில மைக்ரான்தான். ஒருமுறை சாணை பிடித்தால் வெட்டும் முனையில் அது இருக்காது. கோபால்ட் கலந்த பிட் கடின உலோகங்களுக்கானது. மரத்துக்கு அந்தச் செலவு வேண்டாம்.

2. முனையைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் ஊசிபோன்ற கூரும் இரு ஓரங்களிலும் கத்திபோன்ற விளிம்பும் உள்ள பிராட் பாயிண்ட் பிட்தான் மரத்துக்கு ஏற்றது. குறித்த இடத்தைவிட்டு வழுக்காது. ஓரத்து நார்களை முதலில் அறுத்துவிடுவதால் துளையின் வாய் பிசிறாது. அலமாரிக் கதவின் மறைகீல் பதிக்கும் 35 மி.மீ. வட்டக் குழிக்கு, அடி தட்டையாகத் துளையிடும் ஃபோர்ஸ்ட்னர் பிட் வேண்டும். சுவருக்கான கார்பைடு முனை பிட்டை மரத்தில் போடாதீர்கள். அது வெட்டாது, தேய்த்துக் கருக்கும்.

3. வாங்குமுன் சமமான கண்ணாடியில் உருட்டுங்கள். தள்ளாடினால் வளைந்த பிட். இரண்டு வெட்டு விளிம்புகளும் ஒரே நீளமா என்றும் பாருங்கள். ஒன்று நீண்டிருந்தால் 6 மி.மீ. பிட் 6 மி.மீட்டரைவிடப் பெரிய துளை போடும், மரமுளை அதில் ஆடும்.

4. தொடக்கத்துக்கு 2, 3, 4, 5, 6, 8, 10 மி.மீ. போதும். 2, 3 இரண்டிலும் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். ஒல்லியானவை பக்கவாட்டில் சிறிது சாய்ந்தாலே முறியும். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு மென்மரத்தில் 2.5, கடின மரத்தில் 3 மி.மீ. முன்துளை போடலாம்.

5. துளையிடும்போது அவசரம் வேண்டாம். 3 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 2500 சுற்று ஓடலாம், 10 மி.மீட்டருக்கு 1200 அளவில் நிறுத்துங்கள், 35 மி.மீ. ஃபோர்ஸ்ட்னருக்கு 500. ஒவ்வொரு 10 மி.மீ. ஆழத்துக்கும் பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுங்கள். பிட்டின் புரியில் (சுருள் பள்ளத்தில்) தூள் அடைத்துக்கொண்டால் புகை வரும், முனை சூடேறி நீலம் பாயும். பலகைக்கு அடியில் கழிவுக் கட்டை ஒன்றை இறுக்கி வைத்தால் மறுபக்கம் பெயராது.

6. வேலை முடிந்ததும் ஒட்டியுள்ள பிசினை டர்பன்டைனில் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, ஒவ்வொன்றையும் தனித் துளையில் செருகி வையுங்கள். டப்பாவில் குவித்தால் முனைகள் மோதிச் சிதையும்.

தேக்கில் உள்ள சிலிக்காவும் (மணல் போன்ற கடினத் துகள்) பிளைவுட்டின் பசையும் பிட்டின் கூர்மையை வேகமாகத் தின்னும். சுருளாக வந்த சீவல் மாவுபோல உதிர ஆரம்பித்தால், அழுத்திப் பார்க்காமல் சாணைக்கு எடுத்துவிடுங்கள்.